சட்ட ஆங்கிலம் கற்பிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் துணைப்பாட நிலையம் ஒன்றில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவரை, மாலை வகுப்பு எடுக்கும்படி ஒரு சட்ட நிறுவனம் கேட்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வெளிநாட்டு வழக்கறிஞர்களாகப் பணியாற்றும் சிலர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த சட்ட மாணவர்கள், அலுவலக எழுத்தர் ஒருவர் என்று கலவையான வகுப்பு. "நான் சட்டம் படித்ததில்லை. நான் இதை எடுக்கலாமா? சட்டச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைத்தால் போதுமா?" என்று அவர் கேட்கிறார்.

தாராளமாக எடுக்கலாம். சொற்பட்டியலை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சட்டப் படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்த இந்த வகுப்பை நெடுங்காலமாக எடுத்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டி ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாக்கியம் பிடிபடாவிட்டால் எந்த அகராதியும் உதவாது. சட்ட ஆங்கிலத்தில் படிப்பவரைத் திணறவைப்பது வாக்கியம்தான். எழுவாய் முதல் வரியில் இருக்கும், பயனிலை ஐந்தாம் வரியில் இருக்கும். இடையே நிபந்தனை, விதிவிலக்கு, "இந்தப் பிரிவுக்கு உட்பட்டு", "அந்தப் பிரிவில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும்" என்று அடுக்கடுக்காக நுழைந்திருக்கும். சட்ட வாக்கியங்களின் அமைப்பை ஆழமாக ஆராய்ந்த மொழியியலாளர் விஜய் பாட்டியா இந்த இடைச்செருகல்களைத்தான் சட்டமொழியின் தனி அடையாளமாகக் காட்டினார். ஒவ்வொரு செருகலும் எப்போதோ எழுந்த, அல்லது எழக்கூடிய ஒரு சந்தேகத்தை அடைப்பதற்காக வந்தது. "இது எதற்காக இங்கே நிற்கிறது?" என்று மாணவர் கேட்கத் தொடங்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நீங்கள் சட்டம் படிக்காதது குறையே இல்லை. ஒரு எல்லையை மட்டும் காக்க வேண்டும்: சட்டம் என்ன சொல்கிறது என்ற தீர்ப்பை வகுப்பில் நீங்கள் வழங்கக் கூடாது. உங்களிடம் இருக்க வேண்டியது ஒரே கேள்வி. "நீங்கள் சொல்வது இந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? விரலை வைத்துக் காட்டுங்கள்." வழக்கறிஞர்கள் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சட்டத்தை வாக்கியத்துக்குள் போட்டுப் படிப்பார்கள். அங்கே இல்லாததை இருப்பதாகச் சொல்வார்கள். சட்டம் தெரியாத ஆசிரியர்தான் அதைச் சட்டென்று கண்டுபிடிப்பார்.

முதல் பாடத்துக்கு என்ன எடுப்பது? சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்தை எடுங்கள். இதைவிட நல்ல பாடநூல் தமிழ் மாணவர்களுக்கு வாய்க்காது என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலேய ஆட்சிக்கால இந்தியாவின் சட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறிய அதே எழுத்துதான் 1871இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை சேர்ந்த ஆங்கிலேயக் குடியேற்றமான நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தது. இன்றுவரை, பல திருத்தங்களோடு, இங்கே நடப்பில் இருக்கிறது. சாட்சியச் சட்டமும் அப்படித்தான்: 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி 1893இல் இங்கே வந்தது. இந்தியா 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்துக்கு மாறிவிட்டது. அங்கே திருட்டு இப்போது 303ஆம் பிரிவு. சென்னையிலோ மதுரையிலோ சட்டம் படித்துவிட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தவருக்குப் பழைய எண்களெல்லாம் மனத்தில் நிற்கும். சிங்கப்பூரில் அதே 378 இன்னும் திருட்டுதான், அதே 300 இன்னும் கொலைதான். வகுப்பின் முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்த ஊருக்குள் நுழைந்த தெம்பு வந்துவிடும். இங்கே பிறந்த மாணவர் ஆங்கிலத்தில் சரளமாக இருப்பார், இவர் சட்டத்தில் சரளமாக இருப்பார். இருவரும் ஒரே பக்கத்தின் முன் சமமாக உட்காருவார்கள்.

378ஐ எப்படி நடத்துவது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தப் பிரிவின் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தமிழ் வரிசையில் வைத்துப் பாருங்கள்: எவரேனும், ஒருவருடைய வசத்திலிருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் அசையும் பொருள் எதையும் நேர்மையற்ற முறையில் எடுக்கும் நோக்கத்துடன், அவ்வாறு எடுப்பதற்காக அப்பொருளை நகர்த்தினால், அவர் திருட்டுக் குற்றம் புரிந்தவர் ஆவார். ஆங்கில மூலமும் ஏறக்குறைய இதே வரிசைதான். நிபந்தனைகள் எல்லாம் முன்னால், முடிவு கடைசியில். அன்றாட ஆங்கிலத்துக்கு இந்த வரிசை அன்னியம். தமிழுக்கு இதுதான் இயல்பு. வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் அடுக்கிக்கொண்டே போய், வினைமுற்றுக்காகக் கடைசிவரை காத்திருக்கப் பழகிய மூளை நம்முடையது. ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர் மூச்சுத் திணறும் இடத்தில் தமிழ் மாணவர் பொறுமையாக நிற்கலாம். இதை அவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள். தங்கள் தாய்மொழி ஆங்கிலத்துக்குத் தடை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர்.

பிறகு ஐந்து வண்ணப் பேனாக்களைக் கொடுத்து வாக்கியத்தை ஐந்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நேர்மையற்ற நோக்கம், அசையும் பொருள், இன்னொருவர் வசம், சம்மதமின்மை, நகர்த்துதல். அதன் கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு இப்போது செல்லலாம். அவைதான் இந்தச் சட்டத்தின் செல்வம். ஒருவர் இன்னொருவர் நிலத்திலுள்ள மரத்தைத் திருடும் எண்ணத்துடன் வெட்டுகிறார். மரம் வேர்விட்டு நிற்கும்வரை அது அசையும் பொருள் அல்ல, வெட்டித் துண்டித்த அந்தக் கணத்தில் திருட்டு நிறைவேறிவிடுகிறது. இன்னொருவர் சட்டைப்பையில் நாய்க்குப் பிடித்த தீனியைப் போட்டுக்கொண்டு போகிறார். அயலார் நாய் அவர் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே திருட்டு. சாலையில், யார் வசமும் இல்லாமல், கிடக்கும் மோதிரத்தை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அது திருட்டு ஆகாது, வேறு குற்றமாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் கடைசி வாக்கியத்தைத் தாளால் மறைத்துவிட்டு, எந்த வண்ணம் இங்கே இருக்கிறது, எது இல்லை என்று கேளுங்கள். மோதிரக் கதையில் "இன்னொருவர் வசம்" என்ற வண்ணம் காணாமல் போயிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது எழுத்து வேலை. இதே பாணியில், இதே நீளத்தில், சிங்கப்பூரில் நடப்பதுபோல ஆளுக்கு ஓர் எடுத்துக்காட்டு எழுதச் சொல்லுங்கள். உணவங்காடி நிலையத்தில் மேசையைப் பிடித்துவைக்க ஒருவர் விட்டுப்போன டிஷ்யூ பொட்டலத்தை இன்னொருவர் அப்புறப்படுத்தினால்? தேக்கா சந்தை வாசலில் குடைகள் மாறிப்போனால்? ஆட்களுக்குப் பெயர்கள் கிடையாது, சட்டத்தில் உள்ளதுபோல "ஏ", "இசட்" என்ற எழுத்துகள் மட்டும். பெயரடைகள் கிடையாது. நிகழ்காலம் மட்டும். "பேராசை பிடித்த ஒருவர்" என்று எழுதினால் அடியுங்கள், ஏனென்றால் ஐந்து கூறுகளில் பேராசை இல்லை. தேவையான உண்மையைத் தேவையான அளவில் சொல்லும் ஒழுக்கம் இந்த ஒரு பயிற்சியில் வருவதுபோல வேறெதிலும் வராது.

தமிழ்வழி படித்தவர்களின் கண்ணுக்குத் தப்பும் இரண்டு விஷயங்களை நீங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது பெரிய எழுத்து. நம் எழுத்துமுறையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் "சரக்குகள்" என்ற சொல் ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவதையும் இன்னோர் இடத்தில் சிறிய எழுத்தில் தொடங்குவதையும் கண் ஒன்றாகவே படித்துவிடுகிறது. பெரிய எழுத்தில் இருந்தால் அது முதல் ஷரத்தில் வரையறுக்கப்பட்ட பொருள். அந்த வரையறைக்குள் வருவது மட்டுமே அது. சிறிய எழுத்தில் இருந்தால் உலகத்துச் சரக்கு எதுவும் அதில் அடங்கலாம். இந்த ஒரு வேறுபாட்டில் பெருந்தொகைக்கான வாதமே எழுந்துவிடும். பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, பெரிய எழுத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். வரையறுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட சொல்லும் அகப்படும், பயன்படுத்திவிட்டு வரையறுக்க மறந்த சொல்லும் அகப்படும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் "ஏ" (ஏதோ ஒன்று) என்றும் "த" (குறிப்பிட்ட அந்த ஒன்று) என்றும் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டுகள். பள்ளியில் இவற்றை இலக்கணப் பிழையாகச் சிவப்பு மையால் சுழிப்போம். சட்டத்தில் இவை உரிமைப் பிரச்சினை. "இயக்குநர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்" என்பதும் "அந்த இயக்குநர் கையெழுத்திட வேண்டும்" என்பதும் வேறு வேறு கடமைகள். தமிழில் "இயக்குநர் கையெழுத்திட வேண்டும்" என்று சுட்டே இல்லாமல் சொல்லி, சூழலிலிருந்து புரிந்துகொள்கிறோம். எனவே மாணவர் இதை விட்டுவிடுவது அலட்சியத்தால் அல்ல. மதிப்பெண் குறைக்காமல், "எந்த இயக்குநர்?" என்று ஓரத்தில் கேள்வியாக எழுதுங்கள். தானாகச் சரியாகும்.

அடுத்து ஒப்பந்தங்கள். பெரிய நிறுவன இணைப்பு ஆவணங்களைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் வகுப்பில் வாடகைக்குக் குடியிருக்கும் எல்லாரிடமும் ஒரு வாடகை ஒப்பந்தம் இருக்கும். இங்கே வெளிநாட்டவருக்கு வீடு விடும் ஒப்பந்தங்களில் "டிப்ளோமேட்டிக் கிளாஸ்" என்ற ஷரத்து வழக்கமாக வரும். வாடகைக்காரர் வேலை இழந்தோ, மாற்றலாகியோ, தங்க அனுமதி மறுக்கப்பட்டோ சிங்கப்பூரை விட்டுப் போக வேண்டிவந்தால், பெரும்பாலும் முதல் பன்னிரண்டு மாதங்கள் முடிந்த பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது சாரம். பல ஒப்பந்தங்களில் இது பழைய பாணியில், ஒரே வாக்கியமாக, பாதிப் பக்கத்துக்கு நீளும். "முடித்துக்கொள்ளுதல்" என்பதற்கு அங்கே "டிட்டர்மின்" என்ற வினை வரும். தீர்மானித்தல் என்று பொருள்கொண்டு படித்தால் ஷரத்தே தலைகீழாகிவிடும். இப்படிப்பட்ட சொல் எதிர்ப்படும் இடத்தில் மட்டும் சொல்லைக் கற்பியுங்கள், அப்போதுதான் அது நிற்கும்.

இந்த ஷரத்தை வைத்து நான் தரும் வேலை ஒரு காலக்கோடு. ஒப்பந்தம் மார்ச் முதல் தேதி தொடங்குகிறது, வாடகைக்காரருக்கு டிசம்பரில் வேலை போகிறது. அவர் எந்தத் தேதியில் முன்னறிவிப்புக் கொடுக்கலாம், எந்தத் தேதிவரை வாடகை கொடுக்க வேண்டும்? பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகுதான் முன்னறிவிப்பே கொடுக்க முடியுமா, பன்னிரண்டாம் மாத முடிவோடு வெளியேறும்படி முன்கூட்டியே கொடுக்கலாமா? ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் இதற்கு விடை வேறாக இருக்கும், அதுவும் ஒரு சிறிய முன்னிடைச் சொல்லைப் பொறுத்து. இந்தக் காலக்கோட்டை வரைந்து முடிப்பதற்குள் வகுப்பில் நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதுவே அன்றைய பேச்சுப் பயிற்சி. நீங்கள் தனியாக எதுவும் நடத்த வேண்டியதில்லை.

ஒப்பந்தச் சொல்லாடலில் இன்னொன்று. ஆங்கில மரபில் வந்த பழைய கையேடுகள் "பெஸ்ட் எண்டெவர்ஸ்" (இயன்ற முழு முயற்சி) என்றால் இந்த அளவு முயற்சி, "ஆல் ரீசனபிள் எண்டெவர்ஸ்" (நியாயமான எல்லா முயற்சியும்) என்றால் அதைவிட ஒரு படி குறைவு என்று படிக்கட்டுப் போட்டுச் சொல்லும். சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கே.எஸ். எனர்ஜி வழக்கில் இவ்விரண்டுக்கும் இடையே பொதுவாகப் பயனுள்ள வேறுபாடு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே லண்டனில் அச்சான பாடநூலை அப்படியே இங்கே நடத்தக் கூடாது. எந்த ஊர் ஆங்கிலம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க வேண்டும்.

அதற்கு மிகத் தெளிவான சான்று நீதிமன்ற விதிகள். 2021ஆம் ஆண்டின் புதிய விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தபோது உரிமையியல் வழக்கின் சொற்களே மாறின. வழக்குத் தொடுப்பவரைக் குறித்த "பிளெயின்டிஃப்" போய் "கிளெய்மன்ட்" வந்தது. வழக்கைத் தொடங்கும் ஆவணத்துக்கு "ரிட்" போய் "ஒரிஜினேட்டிங் கிளெய்ம்" வந்தது. நீதிமன்றத்தின் அனுமதியைக் குறித்த "லீவ்" என்பது "பெர்மிஷன்" ஆனது. இங்கிலாந்து 1999லேயே "பிளெயின்டிஃப்" என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டது. இந்தியாவில் அது இன்றும் அன்றாடச் சொல். எனவே தமிழ்நாட்டு வழக்கறிஞர் எழுதும் பழைய சொல் தவறு அல்ல, இந்த நீதிமன்றத்துக்குரியது அல்ல, அவ்வளவுதான். அதேசமயம் பழைய சொற்களைக் கற்பிக்காமலும் விட முடியாது: 2022க்கு முந்தைய தீர்ப்புகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. படிப்பதற்கு இரண்டும், எழுதுவதற்குப் புதியது என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

சட்டங்களின் மொழியும் இங்கே எளிமையாகிக்கொண்டு வருகிறது. தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் முன்னெடுத்த எளிய மொழி முயற்சியின் பலனாக, 2021 டிசம்பர் 31 அன்று நடப்புக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் பல பழஞ்சொற்கள் நீங்கின. கடமையைக் குறிக்க "ஷால்" என்பதற்குப் பதில் "மஸ்ட்" என்று எழுதுவதே இப்போது வழக்கம். சிங்கப்பூர்ச் சட்டங்கள் அனைத்தும் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பிரிவு குறிப்பிட்ட தேதியில் எப்படி இருந்தது என்றும் அங்கே பார்க்கலாம். ஒரே பிரிவின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, சொல் மாறியதால் பொருள் மாறியதா என்று கேட்பது ஒரு முழு வகுப்புக்குத் தாங்கும்.

தீர்ப்புகளைப் படிக்கவைக்க 2004ஆம் ஆண்டின் டிஜிலேண்ட்மால் வழக்கை எடுங்கள். இணையக் கடை ஒன்றில் 3,854 வெள்ளி மதிப்புள்ள லேசர் அச்சுப்பொறிக்குத் தவறுதலாக 66 வெள்ளி என்று விலை பதிவாகிவிட்டது. நண்பர்கள் ஆறு பேர் நள்ளிரவுக்குப் பின் ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பிக்கொண்டு மொத்தம் 1,606 பொறிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். விலை தவறு என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மொழி ஆசிரியருக்கு இந்தத் தீர்ப்பு ஒரு புதையல். நண்பர்கள் நள்ளிரவில் அனுப்பிக்கொண்ட குறுந்தகவல்கள் தீர்ப்புக்குள்ளேயே அப்படியே எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றன. ஒரே ஆவணத்தில் அரட்டை ஆங்கிலமும் நீதிபதியின் ஆங்கிலமும் அருகருகே நிற்கின்றன. அரட்டையில் வந்த ஒரு வரியை நீதிபதி எப்படி ஓர் உண்மைக் கண்டறிதலாக மாற்றி எழுதுகிறார் என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

பாட்டியா காட்டிய வரிசை இங்கே பயன்படும்: வழக்கை அடையாளம் காட்டுதல், நிகழ்வுகளை நிறுவுதல், வாதங்களை ஆராய்ந்து விதியை வருவித்தல், தீர்ப்பை அறிவித்தல். ஓரத்தில் இந்த நான்கையும் குறிக்கச் சொல்லுங்கள். அதோடு நீதிபதியின் வினைச்சொற்களைக் கவனிக்கவையுங்கள். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட வலியுறுத்துவேன். நீதிமன்றம் உண்மைகளைக் கண்டறிகிறது, அதற்கு "ஃபவுண்ட்". சட்டத்தை முடிவுசெய்கிறது, அதற்கு "ஹெல்ட்". முடிவுக்கு அவசியமில்லாத ஒன்றைப் போகிற போக்கில் சொல்கிறது, அதற்கு "அப்சர்வ்ட்". இங்கே பிறந்து வளர்ந்த, ஆங்கிலத்தில் கனவு காணும் மாணவர்கள்கூட "நீதிமன்றம் வாதிட்டது" என்று எழுதுகிறார்கள். வாதிடுவது வழக்கறிஞர், நீதிமன்றம் அல்ல. வினை தவறினால் எது பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்பதே குழம்பிவிடும். சரளமாகப் பேசும் மாணவர்களுக்கு உங்கள் வகுப்பு தேவையில்லை என்று அவர்களே நினைத்துக்கொண்டு வருவார்கள். இந்த மூன்று வினைகளை வைத்து அவர்களுடைய கட்டுரை ஒன்றைத் திருத்திக் காட்டுங்கள், அடுத்த வாரம் முதல் வரிசையில் உட்காருவார்கள்.

பேச்சுப் பயிற்சியில் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம். தமிழ் ஒலியோடு பேசும் ஆங்கிலம் இந்த ஊரில் எல்லார் காதுக்கும் பழகியது. மரியாதை வடிவங்கள் முக்கியம். சென்னை உயர் நீதிமன்றத்தில் "மை லார்ட்" என்று பழகியவர், இங்கே நீதிபதியை "யுவர் ஆனர்" என்று விளிக்க வேண்டும். "நான் நினைக்கிறேன்" என்று வழக்கறிஞர் சொல்வதில்லை, "சப்மிட்" என்பதே அவருக்குரிய வினை. பத்தி எண்ணைச் சொல்லிவிட்டு, கேட்பவர் பக்கத்தைப் புரட்டும்வரை நிறுத்துவது ஒரு பயிற்சி. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்குள்ள நீதிமன்றங்களில் வழக்கமாக வாதாட முடியாவிட்டாலும், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்ற விசாரணைகளில் பங்கேற்கலாம். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற மையத்தை இந்திய நிறுவனங்கள் பெருமளவில் நாடி வருகின்றன. உங்கள் வகுப்பிலுள்ள தமிழ்நாட்டு வழக்கறிஞர்களுக்கு அங்கேதான் பேச்சு ஆங்கிலம் உடனடியாகத் தேவைப்படும்.

இனி, எனக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். சட்ட ஆங்கில வகுப்புகள் பெரும்பாலும் வழக்கறிஞர் வழக்கறிஞருக்கு எழுதுவதையே கற்பிக்கின்றன. வழக்கறிஞரை நாடிவரும் கட்சிக்காரருக்கு எழுதுவது யார் பாடத்திட்டத்திலும் ஓரமாகத்தான் கிடக்கிறது. சிங்கப்பூரில் தமிழர்களாகிய நமக்கு இது பொறுத்துக்கொள்ள முடியாத குறை. கட்டுமானத் தளத்தில் கை நசுங்கிய தஞ்சாவூர்த் தொழிலாளி ஒருவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சின் வழியாக இழப்பீடு கோரலாம். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, வலிக்கும் வேதனைக்கும் தனியாகத் தொகை கிடையாது. அல்லது தீர்ப்புகளின் வழியே உருவான பொதுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். தொகை கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், காலமும் செலவும் பிடிக்கும். இரண்டு வழியிலும் ஒரே காயத்துக்கு இழப்பீடு பெற முடியாது. முதல் வழிக்குப் பொதுவாக விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், இரண்டாவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு வரம்பு.

இதை அவருக்கு ஒரு பக்கக் கடிதமாக எழுதச் சொல்லுங்கள். முதலில் வழக்கறிஞர்கள் எழுதித் தருவது எப்படி இருக்கும் என்றால், சட்டத்தின் முழுப் பெயர், ஆண்டு, பிரிவு எண்கள், "மேற்படி", "அவ்வாறாயின்" என்று நிரம்பி, நான்காவது பத்தியில்தான் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது வரும். இரண்டாம் வடிவில் முதல் பத்தியிலேயே "நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இந்தத் தேதிக்குள்" என்று வர வேண்டும். தேதியை நாள், மாதம், ஆண்டாக எழுத வேண்டும். "ஓராண்டுக்குள்" என்று விட்டால் எங்கிருந்து எண்ணுவது என்று அவர் தவிப்பார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. செயப்பாட்டு வினை வேண்டாம்: "கோரிக்கை சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்றால் யார் சமர்ப்பிப்பது என்றே தெரியாது. எந்த வழி நல்லது என்று வழக்கறிஞர் கருதுகிறாரோ அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும், ஒளிந்துகொள்ளக் கூடாது.

அந்த எழுத்தரை இங்கே முழுமையாகப் பயன்படுத்துங்கள். பல அலுவலகங்களில் தமிழ்க் கட்சிக்காரரோடு நேரில் பேசுபவர் அவர்தான். மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்து, தொலைபேசியில் ஒரு தொழிலாளிக்குச் சொல்வதுபோல அவர் அங்கேயே தமிழில் சொல்லட்டும். அவர் எந்த வாக்கியத்தில் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியம்தான் பழுது. ஆங்கிலத்தில் பளபளவென்று இருந்த பத்தி தமிழுக்கு வரும்போது பொருளில்லாமல் நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கே அந்தச் சட்டம் சரியாகப் புரியாமல் இருந்திருக்கும், கனமான நடை அதை மூடி மறைத்திருக்கும். வகுப்பில் பதவியில் இளையவர் மூத்தவரின் எழுத்தைச் சோதிக்கும் நிலை வருவதால், இதை ஒரு பயிற்சி விதியாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். யாருக்கும் மனத்தாங்கல் வராது.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சுழிக்காதீர்கள். முதல் வாசிப்பில் யார், என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், தவறினால் என்ன ஆகும் என்ற நான்கை மட்டும் பாருங்கள். அவை சரியான பிறகு இலக்கணம். ஒவ்வொரு கடிதமும் குறைந்தது ஒரு முறையாவது மறுபடி எழுதப்பட வேண்டும். மறுபடி எழுதாத திருத்தம் காகிதத்தோடு போய்விடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டியில் அவற்றைத் தடைசெய்யவில்லை. நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஒவ்வொன்றுக்கும் தாக்கல் செய்பவரே முழுப் பொறுப்பு என்று சொல்லியிருக்கின்றன. கருவி தந்த பத்தியை வகுப்புக்குக் கொண்டுவரட்டும், அதன்மீதும் அதே கேள்வியைக் கேளுங்கள்: இது எந்தத் தீர்ப்பில், எந்தப் பத்தியில் இருக்கிறது? இங்குள்ள உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கேயே உட்கார்ந்து சரிபார்க்கலாம். இல்லாத வழக்கை மேற்கோள் காட்டிய வழக்கறிஞரை எந்த நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது.

தேர்வுச் சான்றிதழ் வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், டோல்ஸ் என்ற சட்ட ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் நடத்திவந்த ஐலெக் தேர்வு 2016உடன் நின்றுவிட்டது, அதற்கான பழைய பயிற்சி நூல்கள் மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், தேர்வுக்காக வகுப்பை வளைக்க வேண்டாம் என்பேன்.

கடைசியாக ஒன்றை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுவனத்தோடு எழுத்து மூலம் பேசி முடித்துவிடுங்கள். மாணவர்கள் ஆர்வத்தில் தங்கள் மேசையிலுள்ள உண்மையான கோப்புகளை வகுப்புக்குக் கொண்டுவருவார்கள். கட்சிக்காரரின் பெயர், தொகை, முகவரி எல்லாம் அதில் இருக்கும். வழக்கறிஞருக்குள்ள இரகசியக் காப்புக் கடமையை மொழிப் பயிற்சிக்காகத் தளர்த்த முடியாது. அடையாளங்களை நீக்கிய பிரதிகளை நிறுவனமே தரட்டும். தரத் தயங்கினால், பொதுவில் கிடைக்கும் சட்டங்களும் தீர்ப்புகளும் நீங்களே புனைந்த கடிதங்களும் ஓராண்டு வகுப்புக்குத் தாராளமாகப் போதும்.